பக்கவாதம், மூக்கில் டியூப், இன்சுலின்: அப்பாவுக்குப் பராமரிப்பு இல்லம் பார்க்கப் போகிறோம், எதைக் கவனிப்பது?

பெங்களூர் மகள்

அப்பாவுக்கு 79 வயது, ரயில்வே ஓய்வூதியர். மூன்று வாரத்துக்கு முன் மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம். வலது கை, கால் அசைவில்லை. பேச்சு நின்றுவிட்டது, நாம் சொல்வது பாதி புரிகிறது. மூக்கு வழியாக உணவுக் குழாய், சிறுநீருக்குக் கதீட்டர். சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். அம்மாவுக்கு 74, முழங்கால் தேய்மானம். அவரால் தூக்கிப் புரட்ட முடியாது.

சென்னையில் இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று தாம்பரம் தாண்டிப் புதுக் கட்டடம், 60 படுக்கை, பளபளவென்று இருக்கிறது. இன்னொன்று பள்ளிக்கரணைப் பக்கம் பழைய வீட்டை மாற்றிய இடம், 14 படுக்கை. இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "24 மணி நேர நர்சிங், டாக்டர் விசிட், பிசியோ எல்லாம் உண்டு மேடம்." வரும் சனி, ஞாயிறு நேரில் போகிறோம். எதைக் கேட்டால், எதைப் பார்த்தால் உண்மை தெரியும்?

இரவுப்பணிச் செவிலியர்

பகல் 11 மணிக்குப் போகாதீர்கள் அம்மா. அந்த நேரத்தில் எல்லா இல்லமும் குளித்து முடித்து நன்றாகத்தான் இருக்கும். ஒரு முறை காலை ஆறரைக்கும், ஒரு முறை இரவு ஒன்பதுக்கு மேலும் போங்கள். "அந்த நேரத்தில் விடமாட்டோம்" என்றால், வாசலில் நின்றாவது டியூட்டி மாறும்போது எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரவில் இந்த மாடியில் படுத்த படுக்கையாக எத்தனை பேர், விழித்திருக்கும் ஆட்கள் எத்தனை பேர்? மொத்த ஊழியர் எண்ணிக்கையைச் சொன்னால் ஏற்காதீர்கள். அதில் சமையல்காரரும் வாட்ச்மேனும் அடக்கம். கணக்கைப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க, படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து புரட்டி, தோலைப் பார்த்து, தலையணை வைத்து, விரிப்பைச் சுருக்கம் எடுக்க ஏழு நிமிடமாவது ஆகும். 12 பேர் என்றால் 84 நிமிடம். அடுத்த சுற்றுக்கு மிச்சம் 36 நிமிடம். அதற்குள் டயப்பர் மாற்ற வேண்டும், சிறுநீர்ப் பை காலி செய்ய வேண்டும், மணி அடிப்பவரைப் பார்க்க வேண்டும். ஆகவே 12 பேருக்கு இரண்டு பேர் என்பதே கடைசி எல்லை. "20 பேருக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஆயா" என்றால் இரவில் பக்கம் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுகிறார்களா என்பதற்கு அட்டை (சார்ட்) இருக்கும், காட்டச் சொல்லுங்கள். வேறு நோயாளியின் பெயரை மறைத்துக்கொண்டு காட்டட்டும். மாலை நாலு மணிக்குப் பார்க்கும்போது ஆறு மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, இரவு 10 முதல் காலை 6 வரை ஒரே மூச்சில் எழுதியது போல் இருந்தாலும் அப்படியே. மாத்திரை கொடுத்ததைக் குறிக்கும் சீட்டிலும் இதே சோதனை.

ஏர் பெட் (பம்பால் காற்று நிரப்பும் மெத்தை) இருப்பது மட்டும் போதாது. மெத்தைக்கு அடியில், படுத்திருப்பவரின் இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கையை மேல் நோக்கி நுழைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலக் காற்றாவது நடுவில் இல்லாமல் எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை வேலை செய்யவில்லை. பம்பில் எடைக்குத் தக்கபடி வைக்கும் திருகு உண்டு. பல இடங்களில் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கும். மேலே ரெக்சின், அதற்கு மேல் மடித்த போர்வை, அதற்கும் மேல் பேட் என்று அடுக்கியிருந்தாலும் பயன் இல்லை, ஒரு மெல்லிய விரிப்புதான் இருக்க வேண்டும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும், வளைய மெத்தையில் உட்கார வைப்பதும் பழைய வழக்கங்கள், இரண்டுமே கெடுதல். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் காற்றில் நிற்க வேண்டும். போகிற வழியில் நாலைந்து பேரின் குதிகாலைப் பாருங்கள். அதைவிட நேர்மையான அறிக்கை எந்த இல்லத்திலும் கிடைக்காது.

அப்பாவுக்கு டியூப் இருப்பதால், ஒரு ஃபீட் (குழாய் வழி உணவு) கொடுக்கும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. அவசரத்தில் கொடுத்துவிட்டு உடனே மட்டமாகப் படுக்க வைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும், அடுத்த நாள் காய்ச்சல், அடுத்த வாரம் நிமோனியா. மூக்கருகே குழாயில் எத்தனை சென்டிமீட்டர் குறி என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபீடுக்கும் முன் அதைப் பார்த்து, சிரிஞ்சால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பது மட்டும் நம்பத் தகுந்ததல்ல. ஒரு வேளைக்கு 200–250 மில்லி, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. முடிவில் 30 மில்லி தண்ணீர். எல்லா மாத்திரையையும் ஒன்றாக அரைத்துக் கலக்கி ஊற்றுகிறார்களா என்று கவனியுங்கள். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரைகளை அரைக்கவே கூடாது. குழாய் அடைபடுவதும் பெரும்பாலும் இந்தக் கலவையால்தான்.

உங்கள் அப்பாவுக்கு நான் அதிகம் பயப்படுவது இன்சுலினுக்குத்தான். ஊசி போட்டாயிற்று, ஃபீட் தாமதமாகிவிட்டது, அல்லது வாந்தி வந்து நிறுத்திவிட்டார்கள். பேசத் தெரிந்தவர் "மயக்கமாக இருக்கிறது" என்பார். இவரால் சொல்ல முடியாது. வியர்த்து, சோர்ந்து கிடப்பார். தூங்குகிறார் என்று கடந்து போவார்கள். "ஃபீட் நின்றுபோனால் இன்சுலினை என்ன செய்வீர்கள்? சர்க்கரை 70க்குக் கீழே போனால்?" என்று பணியில் இருக்கும் சிஸ்டரைக் கேளுங்கள், மேனேஜரை அல்ல. 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்து டியூப் வழியே கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்த்து, டாக்டரைக் கூப்பிடுவோம் என்று தயங்காமல் பதில் வர வேண்டும். "டாக்டருக்கு போன் பண்ணுவோம்" என்பது மட்டும் பதில் என்றால் அந்த இடம் இவருக்கு ஒத்து வராது.

வெள்ளை உடை போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) மூன்று வருடம், பி.எஸ்.சி. நர்சிங் நாலு வருடம்; இருவருக்கும் நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் பலர் மிக அன்பாகப் பார்ப்பார்கள், அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்சுலினும் டியூபும் உள்ளவருக்கு ஒவ்வொரு ஷிப்டிலும், இரவு ஷிப்டிலும் சேர்த்து, பதிவு பெற்ற ஒருவர் வேண்டும்.

வெள்ளம் பார்த்த பகுதி

பள்ளிக்கரணை என்றதால் எழுதுகிறேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நின்று, மின்சாரம் நாள் கணக்கில் வரவில்லை. அந்தத் தெருவில் 2023இல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்தது என்று பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள், சுவரில் கோடே காட்டுவார்கள். தரைத்தளத்தில் படுக்கை வேண்டாம். ஆனால் முதல் மாடி என்றால் லிப்ட் வேண்டும், அதற்குள் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும். பழைய வீடுகளின் படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆளை நாற்காலியில் வைத்து இறக்குவார்கள். ஒரு கால் உதவாதவருக்கு அது ஆபத்து.

"ஜெனரேட்டர் இருக்கிறது" என்றால், எதற்கு என்று கேளுங்கள். லைட், ஃபேன், லிப்டுக்கு மட்டுமா, படுக்கையருகே உள்ள பிளக்குக்கும் வருமா? ஏர் பெட் பம்ப், சளி உறிஞ்சும் மெஷின், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மூன்றும் அந்தப் பிளக்கில்தான் நிற்கின்றன. டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு என்பதும் முக்கியம். இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜும் கணக்கில் சேரும்.

மின்சாரம் போனால் ஆக்சிஜன் சிலிண்டர்தான், அதன் கணக்கு எளிது. சின்ன பி வகையில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம், 5 லிட்டர் வைத்தால் ஐந்து மணி நேரம். பெரிய டி வகையில் 7,000 லிட்டர். 2 லிட்டருக்கு இரண்டு நாளுக்கு மேல் வரும். மீட்டர் முள்ளைப் பாருங்கள். மூலையில் அழகாக நிற்கும் சிலிண்டர் பல இடங்களில் காலியாக இருக்கும், அல்லது திறக்கும் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. "இப்போது திறந்து காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறே இல்லை.

நடை பழக்குபவர்

பிசியோ பற்றி. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். உங்கள் அப்பாவுக்கு மூன்று வாரம் போய்விட்டது. எனவே "பிசியோ உண்டு" என்பதை நிமிடத்தில் கேளுங்கள்: வாரம் எத்தனை நாள், ஒருவருக்குத் தனியாக எத்தனை நிமிடம், பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படித்தவர் செய்கிறாரா, உதவியாளரா? கூடத்தில் பத்துப் பேரை உட்கார வைத்துக் கையை ஆட்டச் சொல்வது நல்லதுதான், ஆனால் அது இவருக்கான சிகிச்சை ஆகாது.

அதைவிட முக்கியம், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை ஒரு முறை கண்ணால் பார்ப்பது. நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில், இவருக்கு இடது பக்கத்தில், இருக்க வேண்டும். பிரேக் இரண்டும் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கி, இடுப்பில் பெல்ட் கட்டி, முட்டியால் அவர் முட்டிக்கு அணை கொடுத்துத் தூக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பது, அக்குளுக்குள் கை விட்டுத் தூக்குவது இரண்டும் தோள்பட்டையை நழுவ வைக்கும். நழுவிய தோள் மாதக்கணக்கில் வலிக்கும், அந்த வலியில் பிசியோவே நின்றுபோகும். உட்காரும்போது அந்தக் கை தொங்காமல் தலையணை மேல் இருக்க வேண்டும்.

விழுங்கும் திறனைச் சோதிக்க பேச்சுப் பயிற்சியாளர் வருகிறாரா என்றும் கேளுங்கள். டியூப் போட்டால் அது கடைசி வரை என்று பல இல்லங்களில் விட்டுவிடுகிறார்கள். டியூப் ஊட்டுவது அவர்களுக்கும் சுலபம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி பலருக்குத் திரும்பும். கதீட்டரும் அப்படித்தான். எப்போது எடுத்துப் பார்க்கலாம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே தேதியுடன் எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெங்களூர் மகள்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு இடமும் போய் வந்தோம். தாம்பரத்தில் சார்ட் "ஆபீசில் இருக்கிறது, மேடம் வந்ததும் காட்டுகிறோம்" என்றார்கள், காட்டவில்லை. குழாயைப் பிடுங்காமல் இருக்க இரவில் கையைக் கட்டுவோம், தேவைப்பட்டால் தூங்க ஒரு மாத்திரை கொடுப்போம் என்றார்கள். முதல் பத்து நாள் குடும்பத்தார் வரக் கூடாதாம், "செட் ஆகட்டும்" என்று. பள்ளிக்கரணையில் சார்ட் காட்டினார்கள், கட்டங்கள் சில காலியாக இருந்தன. இரவில் ஒரு ஜி.என்.எம்., ஒரு உதவியாளர். படுத்த படுக்கை 9 பேர். 2023இல் வாசல் படி வரை தண்ணீர்; படுக்கைகள் முதல் மாடியில், ஸ்ட்ரெச்சர் லிப்ட் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் 6 பக்கம் கொடுத்தார்கள். கையைக் கட்டுவது வழக்கம்தானா?

இரவுப்பணிச் செவிலியர்

வழக்கம், ஆனால் சரியல்ல. குழாயை ஏன் பிடுங்குகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். மூக்கில் ஒட்டிய பிளாஸ்டர் அரிக்கிறதா, மலச்சிக்கலா, சிறுநீர்ப் பை மடங்கி அடைத்திருக்கிறதா, வலியா? இவரால் சொல்ல முடியாது, கைதான் சொல்கிறது. இவருக்கு வலது கை ஏற்கெனவே இல்லை. மிச்சமிருக்கும் இடது கையையும் கட்டினால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாமல் இரவு முழுக்கக் கிடப்பார். பஞ்சு வைத்த கையுறை போடலாம், பிளாஸ்டரைத் தினமும் இடம் மாற்றி ஒட்டலாம், குழாயின் நுனியைக் கன்னத்தில் ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டு போகலாம். இதெல்லாம் செய்தும் ஆகாத நேரத்தில், டாக்டர் எழுதி, நீங்கள் சம்மதித்து, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்ப்போம் என்ற குறிப்போடு என்றால் அது வேறு. முன்கூட்டியே "கட்டுவோம்" என்று சொல்லும் இடத்தில் ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியவில்லை. தீ என்றால் கட்டை அவிழ்க்க யார் வருவார், இரவில் கிரில் கேட்டின் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று கேட்காமல் எந்த இல்லத்திலும் சேர்க்காதீர்கள்.

பத்து நாள் வரக் கூடாது என்பதை ஏற்கவே வேண்டாம். பேச முடியாதவருக்குத் தெரிந்த முகம் அந்தப் பத்து நாளில்தான் மிகவும் தேவை. படுக்கைப் புண் வரவும் பத்து நாள் தேவையில்லை.

பள்ளிக்கரணைக் காலிக் கட்டங்கள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. செய்யாததைச் செய்ததாக எழுதவில்லை.

முதியோர் மருத்துவம்

தூக்க மாத்திரை பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். இரவில் அமைதியாக இருக்க என்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள். மறதி நோய் உள்ள முதியவர்களிடம் இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலும் 2008இலும் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் அப்பாவுக்கு வேறு ஆபத்தும் உண்டு: அரை மயக்கத்தில் எச்சிலையே விழுங்க முடியாது, சர்க்கரை குறைந்தாலும் மருந்து மயக்கம் என்று நினைத்துவிடுவார்கள். புது மருந்து எதுவானாலும் பெயர், அளவு, காரணம், நிறுத்தும் தேதி நான்கும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பிறகே முதல் வேளை கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையால் எழுதிச் சேருங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல். மாத்திரை கடைசி.

கணக்கும் காகிதமும்

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்தை விட, "இதில் அடங்காதவை" என்ற பத்தியைப் படியுங்கள். டயப்பர், கையுறை, ஃபீட் பவுடர், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், கதீட்டர் மாற்றும் கட்டணம், ஆக்சிஜன் மணிக்கணக்கு, டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றுக்கும் விலை எழுதச் சொல்லுங்கள். டியூப், கதீட்டர், இன்சுலின் மூன்றும் உள்ளவருக்கு இந்தப் பத்தியே கட்டணத்தின் பெரும் பகுதி ஆகிவிடும். போன மாதத்துப் பில் ஒன்றைப் பெயர் மறைத்துக் காட்டச் சொன்னால் உண்மை நிலவரம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் படுக்கைக் கட்டணம் தொடருமா, பாதியா? அங்கே கூட இருக்க ஆள் யார்? நம் மருத்துவமனைகளில் உடன் ஒருவர் இல்லாமல் சேர்ப்பது கடினம். நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து சேரும் ஏழெட்டு மணி நேரத்துக்கு இல்லத்திலிருந்து ஒருவர் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். ரயில்வே மருத்துவ அட்டை இருந்தாலும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை வரை ஓட்டிக்கொண்டு போக நேரம் இருக்காது. பக்கத்தில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்று பெயரோடு குறிக்கட்டும்.

டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், இறந்துவிட்டால் அந்த மாதப் பணம் என்னாகும் என்பதையும் கேளுங்கள். கேட்கச் சங்கடம்தான். இன்னொரு சங்கடமான கேள்வியும் உண்டு: இரவில் உயிர் பிரிந்தால் இறப்புக்கான மருத்துவச் சான்று எழுதித் தர டாக்டர் வருவாரா? வராத இடங்களில் குடும்பம் விடியும் வரை அலைகிறது.

பதிவுகள்: முதியோர் இல்லத்துக்கு மாவட்டச் சமூக நல அலுவலகப் பதிவு, சமையலுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், நர்சிங் செய்வதால் 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு. சுவரில் மாட்டியிருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அரசோ, வருமான வரி விலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயது கடந்தவருக்குத் தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வரி கிடையாது.

ஓய்வூதியம் நிற்காமல் இருக்க நவம்பரில் உயிர்வாழ் சான்று வேண்டும். 80 ஆனால் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் படுக்கையிலிருந்தே முடிக்கலாம். வலது கை போனதால் வங்கியில் கையெழுத்து மாறும். கைரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சிகளோடு, அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்தால் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழிமுறை இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் கிளை மேலாளரைப் பார்த்துவிடுங்கள்.

இல்லத்தில் கொடுமையோ புறக்கணிப்போ தெரிந்தால் 14567, முதியோர் உதவி எண்.

இரவுப்பணிச் செவிலியர்

பள்ளிக்கரணை என்று முடிவெடுத்தால், சேர்க்கும் நாளில் சிஸ்டர் முன்னாலேயே முதுகு, இடுப்பு, இரண்டு குதிகால், காது மடல் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்தே சிவப்பு வந்திருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல அல்ல, ஆரம்பம் எது என்று இருவருக்கும் தெரிய. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் அது புண்ணின் முதல் நிலை. எடை பார்க்கும் வசதி இல்லை என்றால் இடது மேற்கையின் நடுவில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், மாதம் ஒரு முறை அதே இடத்தில். எடை ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் ஃபீட் அளவை மாற்ற வேண்டும்.

மருந்துகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு கொடுங்கள். அவர் "ஆம்", "இல்லை" எப்படிக் காட்டுகிறார், வலித்தால் முகம் எப்படிப் போகும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். உதவியாளர் வெளி மாநிலத்தவர் என்றால் அவர் மொழியிலும் எழுதுங்கள். தண்ணீர், வலி, கழிப்பறை, குளிர் என்று நாலு படம் வரைந்த அட்டை ஒன்றும் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் வாரத்தில் அம்மா தினம் ஒரு மணி நேரம், வேறு வேறு நேரத்தில் போய் உட்கார முடிந்தால் போதும். அவர் எதையும் தூக்க வேண்டாம், ஃபீட் நேரத்தில் தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை ஆயிற்று.